கருப்புப் பந்துப் பொறி: குதிரை ஈக்கு வாங்கலாம், லாய ஈக்கு வேண்டாம்

மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பம். அதில் ஒற்றைக் கயிற்றில் தொங்கும் பளபளப்பான கருப்புப் பந்து. பந்துக்கு மேலே கூம்பாக விரியும் வலைக்குடை, குடையின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. குதிரை வளர்ப்பவர்களுக்கென்று விற்கும் ஈப்பொறிகளில் நன்கு அறியப்பட்டது இது. மின்சாரம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம், ஒருமுறை நட்டால் பருவம் முழுக்க நிற்கும். ஈத் தொல்லை தீரும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த வாக்கில் "ஈ" என்ற சொல்தான் சிக்கல்.

குதிரையின் ரத்தம் குடிக்கும் ஈக்கள் பல குடும்பங்களைச் சேர்ந்தவை. இந்தப் பொறி பிடிப்பது டபானிடே என்ற ஒரு குடும்பத்தை மட்டும், அதாவது பெரிய குதிரை ஈக்களை. அதை நன்றாகவே பிடிக்கிறது. வேறு ஈக்கு இதை வாங்கினால் பணமும் போகும், ஒரு பருவமும் போகும். பருவம் போவதுதான் பெரிய நட்டம். பொறி நிற்கிறதே என்ற தைரியத்தில் செய்ய வேண்டிய மற்ற வேலைகள் தள்ளிப்போகும். அதற்குள் நோய் வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே வாங்குமுன் குதிரையின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நண்பகல் வெயிலில் ரீங்காரத்தோடு வந்து, சுற்றிச் சுற்றிப் பறந்து, வயிற்றிலோ காலிலோ முதுகிலோ இறங்கி, எழுந்து போனபின் ஒரு சொட்டு ரத்தம் வழிந்தால் அது குதிரை ஈ. பெரும்பாலும் 1 முதல் 2.5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கண்கள் தலையையே மூடுகிற அளவுக்குப் பெரியவை, பல இனங்களில் பச்சையாக மின்னும். வீட்டு ஈ அளவில் இருந்துகொண்டு, முழங்காலுக்குக் கீழே தலையை மேல்நோக்கி வைத்து உட்கார்ந்து, குதிரையை ஓயாமல் தரையை உதைக்க வைப்பது லாய ஈ, ஸ்டோமாக்ஸிஸ் கால்சிட்ரான்ஸ். வீட்டு ஈயோ என்று சந்தேகம் வந்தால் வாயைப் பாருங்கள். தலைக்கு முன்னால் ஊசிபோல ஒரு கருப்புக் குழல் நீட்டிக்கொண்டிருந்தால் லாய ஈதான்.

அந்தி சாய்ந்ததும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஏதோ மொய்க்கிறது, குதிரை பிடரியையும் வாலடியையும் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து முடி கொட்டியிருக்கிறது என்றால் அது கியூலிகாய்டஸ் என்ற நுண்ணீ, 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். பகலில் குதிரை தலையை உதறிக்கொண்டே இருக்கிறது, காதுக்குள் ரத்தப்பொருக்கு, பக்கத்தில் ஓடும் நீர் என்றால் சிமுலியம் என்ற கருப்பு ஈயைச் சந்தேகிக்க வேண்டும். இந்த நான்கில் முதலாவதற்கு மட்டும்தான் பந்துப் பொறி.

பொறி எப்படி ஏமாற்றுகிறது

1960களில் கனடாவின் மானிடோபாவில் உருவான வடிவம் இது. இன்றும் ஆய்வாளர்கள் மானிடோபா பொறி என்றே சொல்கிறார்கள். ஆண் குதிரை ஈ தேன் குடித்துப் பிழைக்கிறது. முட்டை முதிரப் புரதம் தேவைப்படும் பெண் ஈதான் ரத்தம் தேடி வருகிறது. தூரத்திலிருந்து அது தேடுவது கருத்த, பெரிய, சூடான, அசைகிற ஓர் உருவத்தை. வெயிலில் காய்ந்து, காற்றில் லேசாக ஆடும் கருப்புப் பந்தில் இந்த நான்கும் இருக்கின்றன. பளபளப்புக்கும் வேலை உண்டு. ஹங்கேரி ஆய்வாளர் காபோர் ஹோர்வாத்தின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், கருத்த குதிரையின் பளபளப்பான தோலிலிருந்து தெறிக்கும் முனைவாக்கப்பட்ட ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) குதிரை ஈயை இழுக்கிறது என்றும், வெள்ளைக் குதிரையின் தோல் அந்த ஒளியைக் கலைத்துவிடுவதால் ஈ குறைவாக வருகிறது என்றும் காட்டினார்கள்.

பந்தில் இறங்கிய ஈக்கு ரத்தம் கிடைக்காது. ஏமாந்த குதிரை ஈ பக்கவாட்டில் போவதில்லை, வெளிச்சத்தை நோக்கி மேலே எழும்பும். மேலே குடை. குடையின் உள்சுவரில் மோதி மோதி உச்சிக்கு ஏறி, தலைகீழ்ப் புனல் வழியாக ஜாடிக்குள் போய்விடும். உள்ளே போவது எளிது, புனலின் சிறு வாயைத் தேடித் திரும்பி வர அதற்குத் தெரியாது. பொறியின் மொத்த சூத்திரமும் இவ்வளவுதான். இதில் வெயில் இல்லையென்றால் சூடு இல்லை, பளபளப்பும் இல்லை. அதனால் மேகமூட்டமான நாளில் ஜாடி காலியாக இருப்பதைப் பார்த்துப் பொறி பழுது என்று முடிவு கட்டக் கூடாது. அப்படிப்பட்ட நாளில் குதிரை ஈயும் குறைவாகத்தான் பறக்கும்.

நடுவதும், நட்டபின் கெடுவதும்

கடையில் வரும் தொகுப்பில் நடுக்கம்பம் அல்லது முக்காலி, ஊதும் பந்து, குடை, குடையை விரிக்கும் கம்பிகள், புனலோடு கூடிய ஜாடி, இழுகயிறுகள், முளைகள் இருக்கும். பொருத்துவதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் குடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பந்தை ஊதுவதில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். காலைக் குளிரில் கல்போல இறுக ஊதிவிட்டால் நண்பகலில் தையல் விட்டுவிடும். கணக்கு எளிது. 15 டிகிரியில் அடைத்த காற்று வெயிலில் 55 டிகிரிக்குச் சூடானால் அதன் கன அளவு சுமார் 14 சதவீதம் கூடும். கருப்பு நிறப் பந்து அந்தச் சூட்டை எட்டுவது பெரிய காரியமே அல்ல. காலையில் ஊதினால் விரலால் அழுத்தும்போது ஒரு விரல் அளவு உள்ளே போகும்படி விடுங்கள். இறுக்கமாகத்தான் வேண்டுமென்றால் வெயில் ஏறியபின் ஊதி அடையுங்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு. காற்று இறங்கித் தொய்ந்த பந்தின் சுருக்கங்களில் பளபளப்பு உடைந்துபோகும், காற்றில் ஆடுவதும் நின்றுவிடும். வாரம் ஒருமுறை கையால் அழுத்திப் பார்ப்பது அவசியம்.

பந்தைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், காற்றில் ஆடி எதையாவது இடிக்குமோ என்ற பயம். கட்டக் கூடாது. அந்த ஆட்டம்தான் ஈயின் கண்ணில் படுகிறது. உயரம், பந்தின் அடிப்புறம் ஆளின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில், ஏறக்குறைய குதிரையின் வயிறு இருக்கும் மட்டத்தில் இருக்கட்டும். குதிரை ஈக்கள் பெரும்பாலும் கீழ்வயிறு, கால் என்று தாழ்வாகத்தான் வருகின்றன. பந்துக்குக் கீழே புல் வளர்ந்து அதை மறைத்தால் பிடிப்பு குறையும். சுற்றிலும் இரண்டு மீட்டருக்குப் புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். குதிரை ஈயின் புழுக்கள் ஈரச் சேற்றிலும், குளக்கரையிலும், சதுப்பு மண்ணிலும் வளர்கின்றன. வளர்ந்த ஈக்கள் மரவிளிம்பில் காத்திருந்து வெட்டவெளிக்கு வரும். அந்த மரவிளிம்புக்கும் அல்லது நீர்க்கரைக்கும், குதிரைகள் நிற்கும் இடத்துக்கும் இடையில், காலையிலிருந்து மாலைவரை நிழல் விழாத இடத்தில் பொறியை நடுங்கள். குதிரைகள் கூடும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நடுவது நேர்மாறான வேலை, பந்தை நோக்கி வரும் ஈக்கு அங்கே நிஜக் குதிரையே கிடைத்துவிடும். லாயத்துக்குள் தொங்கவிட்டால் ஒன்றும் நடக்காது. உள்ளே வெயில் இல்லை, குதிரை ஈயும் இருட்டான கட்டடத்துக்குள் நுழைய விரும்புவதில்லை.

பொறி எப்போதும் வேலிக்கு வெளியே இருக்க வேண்டும், குதிரை கழுத்தை நீட்டினாலும் எட்டாதபடி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. குதிரைகள் பந்தைக் கடிக்கும், கம்பத்தில் உடம்பைத் தேய்க்கும். தரைக்குக் கிட்ட இழுத்துக் கட்டிய கயிற்றில் கால் சிக்கினால் ஈயைவிடப் பெரிய சேதம் ஆகிவிடும். புதிதாக நட்ட நாளில், ஆடும் கருப்பு உருவத்தைக் கண்டு மிரளும் குதிரைகளும் உண்டு. அன்று அவற்றை மேய்ச்சலின் மறுமுனையில் விட்டு, தூரத்திலிருந்தே பார்த்துப் பழகவிடுங்கள்.

ஜாடியைப் பற்றி ஒரு பரிந்துரை. உலர்ந்த ஜாடியிலும் ஈக்கள் சூட்டில் செத்துவிடும். ஆனால் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டால் வேலை சுத்தமாக முடியும். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ஈ மிதக்காமல் மூழ்கிவிடும். உங்கள் மாதிரியின் புனல் ஜாடியின் அடிவழியாக உள்ளே எழும்புகிறது என்றால், நீர்மட்டம் புனல் வாய்க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு மேலே நிற்கும் நீர் குடைக்குள் ஒழுகிவிடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள். அழுகிய ஈக்களின் நாற்றம் எறும்பைக் கூட்டிவரும். புனலின் வாயில் சிலந்தி வலை கட்டினால் பொறி ஊமையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது, ஈக்கள் மட்டும் குடைக்குள்ளேயே சுற்றி வெளியேறிக்கொண்டிருக்கும். பிடிப்பு திடீரென்று விழுந்தால் முதலில் அங்கே விரலை விட்டுப் பாருங்கள்.

தூசி இன்னொரு எதிரி. சவாரி மைதானத்துக்குப் பக்கத்தில் நட்ட பொறியின் பந்து சில நாளிலேயே சாம்பல் பூத்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை மேற்பரப்பைக் கரைத்து மங்கவைத்துவிடும். பந்தின் மேல் பூச்சிமருந்து அடிப்பதும் வேண்டாத வேலை. வெயிலில் நாள்பட நிற்கும் பந்து ஒரு கட்டத்தில் துடைத்தாலும் பளபளக்காது. அப்போது பந்தை மட்டும் மாற்ற வேண்டும். அதனால்தான் வாங்கும்போதே பந்து தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வைப்பது நல்லது. தனி உதிரி விற்காத தயாரிப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சில தொகுப்புகளில் ஆக்டெனால் என்ற வாசனைப் பொருள் வருகிறது. மாடு போன்ற விலங்குகளின் மூச்சில் இருக்கும் பொருள்தான் அது. சில இனங்களுக்கு இது பிடிப்பைக் கூட்டும், சில இனங்கள் பொருட்படுத்துவதே இல்லை. இடமும் வெயிலும் சரியாக அமைந்தபின் முயன்று பார்க்கலாம். நிழலில் நட்ட பொறியை எந்த வாசனையும் காப்பாற்றாது.

சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் பெரிய ரப்பர் பந்துக்குக் கருப்பு எனாமல் அடித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். மங்கலான கரும்பலகைப் பூச்சு அடித்துவிட்டு ஈ வரவில்லையே என்று தேடக் கூடாது. கூம்பின் உச்சி வெளிச்சமாக இருக்க வேண்டும், இருண்ட துணியால் கூம்பு செய்தால் ஈ மேலே ஏறாது.

நோய்க்கும் பொறிக்கும் உள்ள தொடர்பு

ஈக்கடியின் வலியும் குதிரையின் எரிச்சலும் ஒருபுறம். பொறி வாங்குவதற்கு அதைவிடக் கனமான காரணம் நோய். குதிரை ஈயின் வாய் கொசுவின் வாயைப் போன்றதல்ல. கொசு ரத்தக் குழாயைத் தேடி ஊசி போடுகிறது. குதிரை ஈ கத்தரிக்கோல் போன்ற தகடுகளால் தோலை வெட்டி, அங்கே தேங்கும் ரத்தத்தைப் பஞ்சுபோன்ற உதட்டால் ஒற்றி எடுக்கிறது. வலி அதிகம். குதிரை வாலால் அடிக்கும், தோலைச் சிலிர்க்கும், ஈ பாதியில் எழும்பும். வயிறு நிறையாத ஈ மறுபடி அதே குதிரைக்கு வரும், அல்லது பக்கத்துக் குதிரைக்குப் போகும். உதட்டில் ஈரமான ரத்தம் ஒட்டியிருக்க, அடுத்த குதிரையின் தோலை வெட்டுகிறது. நோய்க்கிருமி ஈயின் உடலில் வளர வேண்டிய தேவையே இல்லை, அழுக்கான கத்தியைப் போல ஈ அதைக் கடத்துகிறது.

இப்படிப் பரவுவதில் முக்கியமானது குதிரைத் தொற்று ரத்தசோகை. 1904இலேயே பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிச் செல்லும் கிருமியால் வருகிறது என்று பிரான்ஸில் ஆய்வாளர்கள் வாலேயும் காரேயும் காட்டிய நோய் இது. எச்ஐவியின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். ஒருமுறை தொற்றினால் குதிரையின் ஆயுள் முழுக்க உடலில் தங்கிவிடும், குணப்படுத்தும் மருந்து இல்லை. இன்னொன்று சர்ரா. டிரிப்பனோசோமா ஈவான்சி என்ற ஒட்டுண்ணியால் வருவது. 1880இல் பஞ்சாபில் கால்நடை மருத்துவர் கிரிஃபித் ஈவான்ஸ் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டறிந்தார். விட்டு விட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு, கால்களிலும் அடிவயிற்றிலும் நீர்வீக்கம், நன்றாகத் தின்றும் மெலிவு, பிறகு தள்ளாட்டம். சர்ராவைக் குதிரை ஈயும் லாய ஈயும் இரண்டுமே கடத்தும்.

குதிரை ஈயின் வாயில் ஒட்டும் ரத்தம் சுமார் 10 நானோ லிட்டர். ஒரு மில்லி லிட்டரில் இப்படி ஒரு லட்சம் பங்குகள் அடங்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் குதிரையின் ரத்தத்தில் மில்லி லிட்டருக்குப் பத்து லட்சம் தொற்று ரத்தசோகை வைரஸ் இருந்தால், ஒவ்வொரு ஈயின் வாயிலும் சராசரியாகப் பத்து ஒட்டியிருக்கும். அதே குதிரை தேறி, ரத்தத்தில் மில்லி லிட்டருக்கு நூறாகக் குறைந்துவிட்டால், ஆயிரம் ஈயில் ஒன்றில்தான் ஒரு வைரஸ் இருக்கும். ஆகவே ஈயின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கும் பொறியால் ஆபத்தும் குறையும். ஆனால் காய்ச்சல் கண்ட குதிரையைக் கூட்டத்திலிருந்து அன்றே பிரிப்பதால் குறையும் ஆபத்து பல மடங்கு பெரிது. பொறி நட்டவர்கள் வெப்பமானியை ஓரம்கட்டிவிடக் கூடாது. ஈப் பருவத்தில் காலையில் ஆசனவாய் வெப்பம் பார்ப்பதும், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கவனிப்பதும் பொறியைவிடப் பெரிய காவல்.

தூரமும் மருந்துதான். கலைக்கப்பட்ட ஈ கிட்டத்தில் இருப்பதையே தேடும், தூரத்தில் நிற்கும் குதிரையைத் தேடிப் போவது அரிது. வாயில் ஒட்டிய வைரஸும் சில மணி நேரத்துக்குள் செயலிழந்துவிடும். அமெரிக்காவில் தொற்று ரத்தசோகை உள்ள குதிரையை மற்றவற்றிலிருந்து குறைந்தது 200 கஜம், அதாவது சுமார் 180 மீட்டர், தள்ளி வைக்கச் சொல்லும் விதி இந்தக் காரணத்தால்தான். தனிமைப்படுத்திய குதிரைக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் பந்துப் பொறியை நடுவது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். செய்யாதீர்கள். நடுவில் ஈக்களைக் கூப்பிடும் ஓர் உருவத்தை வைத்து அந்த இடைவெளியை நீங்களே சுருக்கிவிடுகிறீர்கள். இரு கூட்டத்துக்கும் வெளிப்புறத்தில், ஈ வந்து சேரும் திசையில் நடுங்கள்.

இன்னொரு பக்கமும் பார்த்தாக வேண்டும்: ஊசி. பயன்படுத்திய ஊசிக்குள் 10 மைக்ரோ லிட்டர் ரத்தம் தங்கினால்கூட அது ஆயிரம் குதிரை ஈயின் வாய்க்குச் சமம். அயர்லாந்தில் 2006இல் குதிரைத் தொற்று ரத்தசோகை பரவியதற்குத் தொற்றுள்ள பிளாஸ்மா காரணமாக இருந்தது, தொடக்கத்தில் ஈக்கு அதில் வேலையே இல்லை. ஒரு குதிரைக்கு ஓர் ஊசி, ஒரு சிரிஞ்சு. பல் அராவும் கருவியையும், ரத்தம் பட்ட மூக்குக் குழாயையும் கிருமி நீக்காமல் அடுத்த குதிரைக்குக் கொண்டுபோகக் கூடாது. புதிதாக வரும் குதிரைக்குக் காகின்ஸ் பரிசோதனை (தொற்று ரத்தசோகைக்கான ரத்தப் பரிசோதனை) செய்து, தனியாக வைத்து, தொற்றியிருக்கக்கூடிய கடைசி நாளிலிருந்து 60 நாளுக்குப் பின் மறுபடி சோதியுங்கள். எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் சோதனை மட்டும் போதாது. இதை எதுவும் செய்யாமல் வயலோரத்தில் பொறிகளை வரிசையாக நட்டு வைப்பதில் பயன் குறைவு.

பொறி எதைச் செய்யாது

லாய ஈக்கு இந்தப் பந்தில் ஆர்வம் இல்லை. அது வெளிர் நிறத்துக்கும் புற ஊதா ஒளியைத் தெறிக்கும் பரப்புக்கும் வரும். வெள்ளை அல்லது ஒளி கசியும் பிளாஸ்டிக் உருளையில் பசைத்தாள் சுற்றி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வைப்பது அதற்கு ஏற்றது. அப்படி வைத்தாலும் அது எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளத்தான் அதிகம் உதவும். லாய ஈயை ஒழிப்பது மண்வாரியும் தள்ளுவண்டியும்தான். சிறுநீரில் ஊறிய வைக்கோல், லத்தியோடு கலந்த தீவன மிச்சம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தேங்கிய நசநசப்பு, இவற்றில்தான் புழு வளர்கிறது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய மூன்று வாரம் போதும். வாரம் இரண்டு முறை அந்த ஈரத்தை அடியோடு அள்ளி, மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்தால் சுழற்சி அறுந்துவிடும். லாய ஈயில் ஆணும் பெண்ணும் இரண்டுமே ரத்தம் குடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஹேப்ரோனீமா என்ற வயிற்றுப்புழுவின் ஒரு வகையை இது கடத்துகிறது. அந்தப் புழுக்குஞ்சுகள் புண்ணில் விழுந்தால் ஆறாத கோடைப்புண் வரும்.

கியூலிகாய்டஸுக்கும் பந்து பயன்படாது. இதற்கு நாம் காட்டும் அலட்சியம் ஆபத்தானது, காரணம் ஆப்பிரிக்கக் குதிரை நோய். தொற்றாத கூட்டத்தில் நுழைந்தால் பெரும்பாலான குதிரைகளைக் கொன்றுவிடக்கூடிய நோய். தாய்லாந்தில் 2020இல் நுழைந்தபோது 500க்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. இதில் வைரஸ் நுண்ணீயின் உடலுக்குள்ளேயே பெருகுகிறது. ஒரு நுண்ணீ பல நாள் கழித்துக்கூடத் தொற்றவைக்கும். அதனால் 180 மீட்டர் கணக்கு இங்கே செல்லாது. சூரியன் மறையுமுன் குதிரையை உள்ளே கட்டி, விடிந்தபின் வெளியே விடுவது, சாளரங்களுக்கு மிக நெருக்கமான கண்ணுள்ள வலை, உள்ளே பெரிய மின்விசிறி, இவைதான் வழி. நுண்ணீ பலவீனமாகப் பறப்பது, விசிறிக் காற்றை எதிர்த்து வர முடியாது. கொசுவலையின் கண் இதற்குப் பெரிது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண் வேண்டும். அவ்வளவு நெருக்கமான வலையில் காற்றோட்டம் தடைபடும் என்பதால் விசிறி கட்டாயமாகிறது.

போர்வையும் தெளிப்பும், பொறிக்குத் துணையாக

குதிரை ஈ உள்ள இடத்தில் பொறி மட்டும் போதாது என்பதால் இரண்டு துணைப் பொருட்களையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ஈப் போர்வையில் நிறம் முக்கியம். வெளிர் நிறமே நல்லது. கோடு போட்ட போர்வைகளைப் பற்றிய பேச்சுக்கு ஆதாரம் உண்டு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் வரிக்குதிரைக் கோடு போட்ட துணி அணிந்த குதிரைகளின் மேல் குதிரை ஈக்கள் கிட்ட வந்தும் குறைவாகவே இறங்கின. மூடாத தலையில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. வாங்கும்போது கோட்டைவிட வயிற்றுப்பட்டையைக் கவனியுங்கள். பல போர்வைகள் முதுகை அழகாக மூடி, ஈ முக்கியமாகக் கடிக்கும் அடிவயிற்றைத் திறந்துவிடுகின்றன. உடம்போடு ஒட்டி இறுக்கிய மெல்லிய வலைக்கு மேலிருந்தே குதிரை ஈ கடித்துவிடும். துணிக்கும் தோலுக்கும் நடுவில் சிறிது இடைவெளி விட்டுத் தொய்வாகத் தைத்ததே காக்கும். தினமும் கழற்றி, தோள்மேட்டிலும் நெஞ்சிலும் உராய்வு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

தெளிப்புகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ளவை அதிகம். ஈ தோலில் இறங்கித் தொட்டால்தான் அது வேலை செய்யும். நாளடைவில் ஈயைக் கொல்லலாம், ஆனால் அந்த ஒரு கடியைத் தடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நோயைக் கடத்த அந்த ஒரு கடி போதும். புட்டியில் எத்தனை நாள் காக்கும் என்று எழுதியிருந்தாலும், வியர்த்த குதிரையிலும் மழையில் நனைந்த குதிரையிலும் அந்தக் கணக்கு நிற்காது. ஐகாரிடின் உள்ள விரட்டிகள் கடிக்குமுன்பே ஈயைத் திருப்புகின்றன, அதனால் சவாரிக்கு முன் போட நல்லது. சில மணி நேரத்தில் மறுபடி போட வேண்டியிருக்கும். முகத்தில் நேராகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் நஞ்சு. லாயத்தில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை குதிரைக்குப் பக்கத்தில் விட வேண்டாம், மிச்சத்தைக் குளத்தில் கழுவவும் வேண்டாம். பயிருக்கு அடிக்கும் அடர் மருந்தை வாங்கி நீர் கலந்து குதிரை மேல் ஊற்றுவது தோலைப் புண்ணாக்கிவிடும்.

பொறி பலன் தருகிறதா என்பதை ஜாடியை வைத்து அளக்க முடியாது. ஜாடி நிறைந்திருப்பது அங்கே ஈ நிறைய இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. குதிரையில் எண்ணுங்கள். பொறி நடுமுன் மூன்று நாள், ஒரே குதிரை, ஒரே நேரம், வெயில் உள்ள நாள், ஐந்து நிமிடத்தில் உடம்பில் இறங்கும் குதிரை ஈக்களை எண்ணிக் குறித்து வையுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி அதேபோல மூன்று நாள். எண்ணிக்கை தெளிவாகக் குறையவில்லை என்றால் பொறியைப் பத்துப் பதினைந்து மீட்டர் மாற்றி நட்டு இன்னொரு வாரம் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் பரப்பளவு திறந்தவெளிக்கான கணக்கு. மரவிளிம்பு நீளமாக இருந்தால் ஒன்று போதாது. பருவத்தின் முதல் ஈயைக் கண்ட அன்றே நட்டுவிடுவது முக்கியம். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும், முட்டையிடுமுன் பிடித்தால்தான் அது கணக்கில் சேரும். புழுப் பருவம் பல இனங்களில் ஓராண்டு, குளிர்நாடுகளில் அதற்கும் மேல் மண்ணில் கழிகிறது. ஆகவே முதல் பருவத்தின் பலனை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், எண்ணிக்கைக் குறிப்பை அடுத்த பருவத்துக்கும் பத்திரப்படுத்துங்கள்.

ஈரநிலமும் மரவிளிம்பும் சூழ்ந்த மேய்ச்சலில் குதிரை விடுபவர்கள் இதை வாங்கலாம். நிழலான சிறு முற்றத்தில், லாயத்துக்கு ஒட்டிய இடத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தை வலைக்கும் விசிறிக்கும் செலவிடுவது நல்லது. பருவம் முடிந்ததும் பொறியை அங்கேயே விட்டுவிடாமல், பந்தைச் சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவைத்து, காற்றை முழுக்க இறக்கி, மடிப்பு ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவி, வெயில் படாத, எலி நுழையாத பெட்டியில் வையுங்கள். குடைவலையை மடிக்குமுன் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்து, இருந்தால் அப்போதே நூல் போட்டுத் தைத்துவிடுங்கள்.